நல்ல தண்ணீர் செய்யும் பொல்லாங்கு

கடல் என்றதும் நமக்கு முதலில் நினைவு வருவது புயலும் அலையுமே. மரக்கலம் ஒன்று அழிந்துபோயிற்று என்று கேள்விப்பட்டால், பாறையில் மோதியிருக்கும் அல்லது சூறாவளியில் அகப்பட்டிருக்கும் என்றே எண்ணுகிறோம். கதைகளிலும் அப்படித்தான் படித்திருக்கிறோம். ஆனால், சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் வேறு சமாசாரம் வெளிவரும். மரப் படகுகளில் கடலில் மாண்டவை சொற்பம். வீட்டுக் கொல்லையில், துணிப் போர்வைக்கடியில், வண்டியின்மீது ஏறி உட்கார்ந்தபடியே மாண்டவை அநேகம். அவற்றைக் கொன்றது கடலின் உப்பு நீர் அன்று; வானத்திலிருந்து பெய்த நல்ல தண்ணீர்.

சிறு படகுகளுக்கு மட்டும் ஏற்பட்ட விதி என்று இதை நினைக்க வேண்டாம். நெப்போலியனோடு யுத்தம் நடந்த காலத்தில், 1810-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் கடற்படைக்காக 'குவீன் ஷார்லட்' என்ற பெரிய போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகளைத் தாங்கும் கப்பல் அது. கடற்பணிக்குப் புறப்படு முன்பே அதன் மரங்கள் மக்கிப் போய்விட்டன. எதிரியின் குண்டு ஒன்றுகூட அதற்குள் அதன்மேல் பட்டதில்லை. இருந்தும், போரில் அடிபட்ட கப்பலைப் போல் அதைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பழைய நாட்களில் கப்பல் கட்டியவர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டிருந்தார்கள். கப்பலின் விலாச் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பி வைத்தார்கள். உப்பு இருக்கும் இடத்தில் பூசணம் தலையெடுப்பது கடினம். ஊறுகாய் போடும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதன் காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை!

பத்திரிகை தந்த படகு

படகு பராமரிப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, குறிப்பிட்ட ஒரு படகை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். இங்கிலாந்தில் பிறந்த 'மிரர்' படகை எடுத்துக்கொள்வோம். அதன் பிறப்பே சுவாரசியமானது.

பாய்மரப் படகு விடுவது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று வெகு காலமாக இங்கிலாந்தில் கருதப்பட்டு வந்தது. அதைச் சாமானியக் குடும்பங்களின் கைக்கும் எட்டச் செய்யவேண்டும் என்று 'டெய்லி மிரர்' என்னும் லண்டன் தினப் பத்திரிகை முன்வந்தது. பேரி பக்நெல் என்பவர், வீட்டு வேலைகளை அவரவரே செய்துகொள்ளும் முறையை டெலிவிஷனில் கற்பித்துப் புகழ் பெற்றிருந்தவர். ஜாக் ஹோல்ட் என்பவர் சிறு படகுகளை அமைப்பதில் கைதேர்ந்த நிபுணர். இவ்விருவரும் சேர்ந்து 1962-ஆம் ஆண்டில் இந்தப் படகை உருவாக்கினார்கள். ஆரம்பத்தில் இதன் விலை 63 பவுன் 11 ஷில்லிங்.

அந்த விலைக்குக் கிடைத்தது படகு அன்று, படகுக்கான துண்டுகள்! பிளைவுட் என்னும் ஒட்டுப் பலகையை அளவாக அறுத்துக் கட்டாக அனுப்பினார்கள். அந்தத் துண்டுகளின் ஓரங்களில் துளையிட்டுத் தாமிரக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பிசின் பூசி இறுகச் செய்தால் படகு தயார். தகப்பனாரும் பிள்ளைகளும் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து செய்துவிடலாம். இவ்விதம் ஆரம்பித்தது, காலப்போக்கில் 70,000 படகுகளைத் தாண்டி உலகெங்கும் பரவிற்று.

படகின் நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.39 மீட்டர், வெறும் உடலின் எடை 45.5 கிலோ. முகப்பு கூராக இல்லாமல் தட்டையாக இருக்கும். பாய்மரமும் பருமலும் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும்படி துண்டுகளாக அமைந்தவை. ஆகையால் அனைத்தையும் உள்ளே கிடத்தி, சிறு வண்டியில் ஏற்றி, மோட்டார் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். சிவப்புப் பாய் விரித்தால் தூரத்திலிருந்தே 'அதோ, மிரர்!' என்று சொல்லிவிடலாம்.

இத்தனை சிறிய படகு என்ன சாதிக்கும் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்த ஏ. ஜே. மக்கின்னன் என்பவர், ஒரு மிரர் படகில் ஏறி, ஆறுகளும் கால்வாய்களும் கடலுமாகச் சுமார் 4,900 கிலோமீட்டர் பிரயாணம் செய்து கருங்கடலை அடைந்தார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 2002-இல் வெளிவந்தது. படகின் உடம்பு திடமாக இருந்தால் மனிதனின் துணிவுக்கு அது ஈடு கொடுக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மரம் எப்படி மக்குகிறது?

கடலிலேயே நிரந்தரமாகக் கட்டிவைக்கப்படும் மரக்கலங்களுக்குப் பரம விரோதி கப்பல் புழு. அது மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். அதற்கு அஞ்சியே பிரிட்டிஷ் கடற்படையார் 1761-இல் 'அலாரம்' என்ற கப்பலின் அடிப்புறத்துக்குத் தாமிரத் தகடு போர்த்திச் சோதனை செய்தார்கள். வண்டியில் ஏறிக் கரைக்கு வந்துவிடும் சிறு படகுக்கு இந்தப் புழுவினால் தொல்லை இல்லை. ஆனால் புழுவுக்குத் தப்பிய படகைப் பூசணம் எதிர்கொள்கிறது.

பூசணம் வளர நான்கு பொருள்கள் வேண்டும்: உணவு, காற்று, இளஞ்சூடு, ஈரம். உணவு மரமே, அதை நீக்க முடியாது. காற்றையும் வெப்பத்தையும் நாம் கட்டுப்படுத்துவதற்கில்லை. நம் கைக்குள் அடங்குவது ஈரம் ஒன்றுதான். மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும் வரையில் அது மக்குவதில்லை. பாதுகாப்பு முறைகள் அனைத்தும் இந்த ஒரே விஷயத்தைச் சுற்றியே நிற்கின்றன.

நல்ல படகுப் பலகையில் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை நீரில் கரையாதது. அதைக் கண்டு பலர் ஏமாந்து போகிறார்கள். பசை நனையாதே யொழிய, மரம் நனையும். அதிலும் பலகையின் அறுத்த ஓரம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுக்கும். ஆணி அடித்த துளை, திருகாணி தளர்ந்த இடம், வண்டியில் ஏற்றும்போது பட்ட சிராய்ப்பு இவையெல்லாம் அதற்கு வாசற்படிகள். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனமே உள்ள பலகையில் பூசணம் நுழைந்துவிட்டால் அது மறுபுறம் வெளிவருவதற்கு அதிக காலம் பிடிக்காது.

போர்வையும் காற்றும்

படகைக் கரையில் வைப்பவர் முதலில் செய்வது போர்வை போர்த்துவது. அது நியாயமே. ஆனால் போர்த்தும் விதம் தெரியாமல் போர்த்தினால், வெயிலில் கிடக்கும் படகைவிட மூடிய படகுதான் சீக்கிரம் கெடும்.

படகின்மேல் துணியை வெறுமனே விரித்துக் கட்டினால் நடுவில் பள்ளம் விழும். ஒரு நாள் மழையில் அந்தப் பள்ளம் குளமாகும். பத்து லிட்டர் வாளியால் இருபது வாளித் தண்ணீர் தேங்கிற்று என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 200 கிலோ. படகின் எடையைப் போல் நான்கு மடங்குக்கு மேல்! பாரம் தாங்காமல் துணி கிழியும். அல்லது பலகை வளையும். ஆகையால் முகப்பிலிருந்து பின்புறம் வரையில் ஒரு கழியை முகடு போல் உயர்த்திக் கட்டி, அதன்மேல் துணியைப் போட்டு, கூரையைப் போல் இரு பக்கமும் தண்ணீர் வழிந்தோடச் செய்யவேண்டும். பாய்மரப் பருமலையே முகட்டுக் கழியாக உபயோகிப்பவர்களும் உண்டு.

துணியின் ஓரம் படகை இறுக்கிப் பிடிக்கலாகாது. முன்னும் பின்னும் காற்று நுழைந்து வெளியேற வழி இருக்கவேண்டும். பிளாஸ்டிக் படுதாவால் மூட்டை கட்டுவது போல் கட்டிவிட்டால், பகலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, இரவில் குளிர்ந்து, மறுபடியும் மரத்தின்மேலேயே வியர்த்து விழும். மழையே பெய்யாவிட்டாலும் படகு நனைந்துகொண்டே யிருக்கும்.

படகைச் சமதளமாக நிறுத்தாமல், முகப்பைச் சற்று உயர்த்திப் பின்புற வடிகாலைத் திறந்து வைப்பது உத்தமம். இடவசதி உள்ளவர்கள் படகைக் கவிழ்த்து, இரண்டு மரத் தாங்கிகளின்மேல் தரையில் படாதபடி வைத்தால் இன்னும் விசேஷம். வெறும் புல்தரையில் கவிழ்த்து வைப்பது கூடாது. புல்லும் ஈரமும் ஓரப் பலகையைத் தின்றுவிடும்.

உயிரைக் காக்கும் அறைகள்

மிரர் படகின் முன்னும் பின்னும் இரு பக்கங்களிலும் மூடிய காற்றறைகள் இருக்கின்றன. படகு கவிழ்ந்து உள்ளே தண்ணீர் புகுந்தாலும் இந்த அறைகளிலுள்ள காற்றே அதை மிதக்க வைக்கிறது. படகில் இருக்கும் குழந்தைகளின் பிராணன் இந்த அறைகளை நம்பியே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இதே அறைகள்தான் பூசணத்துக்கும் உகந்த இல்லம். மூடியிருப்பதால் காற்றோட்டம் இல்லை. எங்கேனும் சிறிது கசிந்த தண்ணீர் வெளியேறவும் வழியில்லை. ஆகவே கரையில் விதி ஒன்று, நீரில் விதி வேறு. கரைக்கு வந்தவுடன் அறைகளின் மூடிகளையும் வடிகால் அடைப்புகளையும் கழற்றிவிடவேண்டும். நீரில் இறங்கு முன் ஒன்று விடாமல் மூடவேண்டும். இரண்டாவது மறந்துபோனால் அபாயம் அப்பொழுதே தெரியும். முதலாவது மறந்துபோனால் அபாயம் இரண்டு வருஷம் கழித்துத் தெரியும். கழற்றிய அடைப்புகளையெல்லாம் ஒரு கயிற்றில் கோத்துச் சுக்கான் கைப்பிடியில் கட்டி வைப்பது நல்ல பழக்கம். சுக்கானைத் தொடாமல் யாரும் படகை நீரில் இறக்க முடியாதல்லவா?

ஆண்டுக்கு ஒரு முறை அறைகளைச் சோதிக்கவேண்டும். மூடிகளை அடைத்துவிட்டு, ஒரு சிறு குழாய் வழியாக வாயால் மெதுவாக ஊதி, சேர்மானங்களில் சவுக்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தால், கசிவு உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். மோட்டார் டயருக்குக் காற்றடிக்கும் பம்பை இதற்கு உபயோகிப்பது ஆபத்து. மெல்லிய பலகை பிளந்துவிடும்.

வண்டியையும் கவனிக்க வேண்டும்

படகுக்காரர்கள் அலட்சியம் செய்வது வண்டியைத்தான். படகுக்கு வார்னிஷ் பூசுவார்கள். டிரெயிலர் துருப்பிடித்துக் கிடக்கும். பிறகு ஒரு நாள் நடுச் சாலையில் சக்கரம் கழன்று ஓடும்போது விழிப்பார்கள்.

வெகு தூரம் ஓடிவந்த சக்கரத்தின் குடம் சூடேறியிருக்கும். அப்படியே அதைக் குளிர்ந்த நீரில் இறக்கினால், குடத்துக்குள் இருக்கும் காற்றுச் சட்டென்று சுருங்கி, வெளியிலுள்ள தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடிக்கும். ஆகையால் இங்கிலாந்தில் இரண்டு வண்டிகளை உபயோகிக்கும் முறை பரவியிருக்கிறது. படகு ஒரு லேசான கைவண்டியின்மேல் இருக்கும். அந்தக் கைவண்டி சாலை வண்டியின்மேல் ஏறிப் பிரயாணம் செய்யும். கரைக்கு வந்ததும் கைவண்டி மட்டும் நீரில் இறங்கும். சாலை வண்டி கால் நனையாமல் கரையில் நிற்கும். ஒற்றை வண்டிதான் இருக்கிறதென்றால், சக்கரம் ஆறும் வரையில் பொறுத்திருந்து இறக்கவேண்டும். திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவிக் குடத்தில் புது கிரீஸ் அடைக்கவேண்டும்.

படகின் பாரம் வண்டியில் எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். நடு முதுகெலும்பு போன்ற அடிக்கட்டையும், குறுக்குத் தடுப்புகள் இருக்கும் இடங்களும்தான் பாரம் தாங்கத் தக்கவை. அவற்றுக்கு இடையேயுள்ள வெறும் பலகையில் தாங்கி உறுத்தினால், சாலைக் குலுக்கலில் பலகை நொந்துபோகும். கட்டும் பட்டையின் கீழ்க் கம்பளித் துண்டோ பழைய கார்ப்பெட்டோ வைக்கவேண்டும். வெகு நாள் நிறுத்தி வைப்பதானால், அச்சுக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரங்களின் பாரத்தைக் குறைப்பது நலம். டயரின் மேற்புறம் தேயாமலே பக்கவாட்டில் வெடித்திருக்கும். அதையும் குனிந்து பார்க்கவேண்டும்.

பெருங்காற்று அடிக்கும் நாளில் வண்டியோடு படகைத் தரையில் முளையடித்துக் கட்டாவிட்டால், இந்தச் சிறு படகு காற்றாடி போல் பறந்து அடுத்த வீட்டில் விழும். திருடர் பயமும் இல்லாமலில்லை. இரவோடிரவாக வண்டியை இழுத்துச் செல்வது எளிது. சக்கரத்துக்குப் பூட்டும், படகின் உட்புறத்தில் செதுக்கிய எண்ணும் அதற்குக் காப்பு.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பாய்மரத்தை நிமிர்த்து முன் தலைக்கு மேலே பார்க்கவேண்டும். மின்சாரக் கம்பியின்மேல் உலோகப் பாய்மரமோ ஈரக் கயிறோ பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. மரத்தை இறக்கிய பின்பே வண்டி நகரவேண்டும் என்பது கண்டிப்பான சட்டமாக இருக்கட்டும்.

பாயும் கயிறும்

பழைய காலத்தில் பாய்கள் பருத்தியாலும் சணலாலும் ஆனவை. அவை மக்காமலிருக்க இங்கிலாந்தின் மீனவர்கள் அவற்றைக் காசுக்கட்டிச் சாயத்தில் தோய்த்தார்கள். நம் ஊரில் வெற்றிலைப் பாக்கோடு சேரும் அதே காசுக்கட்டிதான்! இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அது கப்பலேறிப் போயிற்று. அந்தப் பாய்களின் செந்நிறத்துக்கு அதுவே காரணம்.

இப்பொழுது வழங்கும் டெரிலின் பாய்கள் மக்குவதில்லை. ஆனால் வெயில் அவற்றைத் தின்கிறது. முதலில் தையல் நூல் இற்றுப்போகும். பிறகு துணியும் காகிதம் போல் ஆகிவிடும். ஓடாத வேளையில் பாயை விரித்து வைக்கக்கூடாது. கடலில் ஓடிவந்த பின் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஒரே மடிப்பில் மீண்டும் மீண்டும் மடியாமல் சுருட்டி வைக்கவேண்டும். உப்போடு வைத்தால் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பாயை என்றும் நசநசவென்று வைத்திருக்கும். கயிறுகளையும் அப்படியே அலசி, உராயும் இடங்களைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும்.

மரத்துக்கு உப்பு நல்லது என்றோமே, கழுவுவானேன் என்று சில நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆணி, திருகு, வண்டி முதலிய உலோகங்களுக்கு உப்பு விரோதி. தவிரவும், மெல்லிய உப்புப் படலம் மரத்தை உலரவிடாது. எனவே நல்ல தண்ணீரால் கழுவலாம். ஆனால் கழுவிய தண்ணீரை அங்கே தங்கவிடலாகாது. துடைத்து, காற்றாட விட்டு, பிறகே மூடவேண்டும்.

வருஷாந்தர வேலை

இங்கிலாந்தில் குளிர் காலம் படகுகளுக்கு ஓய்வுக் காலம். அப்பொழுது படகை முழுவதும் காலி செய்து, ஒரு மொண்ணையான திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும்; மக்கிய மரம் பொத்தென்று முனகும். வார்னிஷின்கீழே கறுப்புக் கறை ஓடியிருந்தால் அங்கே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பாய்மரம் நிற்கும் இடம், அதைத் தாங்கும் கம்பிகள் பொருந்தும் இடம், சுக்கான் மாட்டும் பின்பலகை ஆகிய மூன்றையும் முக்கியமாகப் பார்க்கவேண்டும். காற்றின் பலம் முழுவதும் அங்கேதான் இழுக்கிறது. அவை மக்கியிருப்பது தெரியாமல் பலமான காற்றில் புறப்பட்டால், கரையிலிருந்து வெகு தூரத்தில் பாய்மரம் சாய்ந்து விழும்.

கறை கண்ட இடத்தில் உடனே வர்ணம் பூசி மறைப்பது, புண்ணின்மேல் பட்டுத் துணி கட்டுவதற்குச் சமானம். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, கேடு இன்னும் வேகமாகப் பரவும். வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, மரத்தை நன்றாக உலரவிட்டு, மக்கிய பாகத்தை நல்ல மரம் தெரியும் வரையில் வெட்டி நீக்கி, புதுத் துண்டு வைத்து எபாக்ஸிப் பிசினால் ஒட்டவேண்டும். எபாக்ஸி தண்ணீருக்கு அஞ்சாது, சூரியனுக்கு அஞ்சும். ஆதலால் அதன்மேல் வர்ணமோ வார்னிஷோ அவசியம் பூசவேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பின் உப்புத் தாளால் இலேசாகத் தேய்த்து, அடுத்த பூச்சைக் கொடுக்கவேண்டும். அறுத்த ஓரங்களுக்கு மற்ற இடங்களைவிட இரண்டு பூச்சு அதிகம் கொடுப்பவர் புத்திசாலி.

நம் கரையிலும் இதே பாடம்

இவ்வளவும் சீமைச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். நம் சோழமண்டலக் கரை மீனவர்கள், கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து மணலில் உலர்த்தி வந்தார்கள். நீர் ஊறிய மரம் கனக்கும், மிதப்புக் குறையும், ஆயுளும் குறையும். மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டுவது சிரமம் என்று அவர்கள் எண்ணவில்லை. இன்று அந்தக் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே நிற்கின்றன. ஆயினும், படகு உலர்ந்து மூச்சுவிட வேண்டும் என்ற அந்த அறிவு, பக்நெலும் ஹோல்ட்டும் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே நம் கரையில் இருந்தது.

மிரர் படகுகளைச் செய்த தகப்பன்மார்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் தைத்த படகுகளில் சில, பேரன் பேத்திகளை ஏற்றிக்கொண்டு இன்றும் ஏரிகளில் ஓடுகின்றன. சில, கொல்லைப் புறத்தில் மண்ணோடு மண்ணாகிவிட்டன. இரண்டும் ஒரே பலகை, ஒரே கம்பி, ஒரே பிசின். வித்தியாசம், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் யாரேனும் ஒருவர் வெளியே வந்து, போர்வையைத் தூக்கிப் பார்த்து, தேங்கிய தண்ணீரை ஒரு பழந்துணியால் ஒற்றி எடுத்தாரா இல்லையா என்பதில் இருக்கிறது. பணம் செலவாகாத வேலை. பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. வீட்டில் உள்ள குழந்தைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால், அந்தப் படகில் ஏறும் உரிமையையும் அவர்கள் சம்பாதித்தவர்கள் ஆவார்கள்.